ஃபயர்வயர் வழியே மீட்ட 22 கேசட்டுகள்

2005 ஆவணியில், அண்ணன் திருமணத்திற்கு இரண்டு வாரம் முன்பு, கோவை கிராஸ்கட் சாலையில் வாங்கிய மினி டிவி (MiniDV, சிறு கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் வகை) கேம்கார்டர் இன்றும் ஓடும் நிலையில் என்னிடம் இருக்கிறது. 2011 வரை அதில் பதிவான 22 கேசட்டுகளையும் கணினிக்கு மாற்ற மூன்று வழிகளை முயன்றிருக்கிறேன். மூன்றாவதாக, 2020-இல், ஃபயர்வயர் (FireWire) என்ற அதிவேக இணைப்புக் கம்பி வழியாக எடுத்த கோப்புகளைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் குறையின்றிப் பயன்படுத்தி வருகிறேன். காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரிலேயே பல வீடுகளின் அட்டாலியில் இத்தகைய கேசட்டுகள் இன்னும் கிடப்பதால், இரண்டு முறை நான் தவறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் முறை, 2008-இல், ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினேன். ஒரு மணி நேரக் கேசட்டுகள் இரண்டை ஒரே வட்டில் அடக்கித் தந்தார்கள். அவ்வாறு அடக்க வேண்டுமானால் படத்தைக் கடுமையாகச் சுருக்கியாக வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பந்தலில் தொங்கிய தென்னங்குருத்துத் தோரணம் பச்சைக் கறையாகத் தெரிந்தது. கூட்டத்தில் நின்றவர்களின் முகங்கள் அசையும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தன. அந்த வட்டுகளில் பாதி எட்டு ஆண்டுகளில் படிக்க முடியாமல் போயின. கேசட்டுகளைத் திருப்பி வாங்கி வைத்திருந்தது ஒன்றுதான் நான் அப்போது செய்த நல்ல காரியம்.

இரண்டாம் முறை, 2012-இல், கேமராவுடன் வந்த யுஎஸ்பி கம்பியைச் செருகி, படம் கணினியில் தெரிந்ததும் அதுவே போதும் என்று நம்பிவிட்டேன். மினி டிவி படம் நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் கேசட்டில் பதிகிறது. அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றில் இருந்த பழைய யுஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. எனவே என் கேமராவின் யுஎஸ்பி துளை ஒளிப்படங்களை மாற்றவும், சிறிய அளவில் சுருக்கிய படத்தை அனுப்பவும் மட்டுமே பயன்பட்டது. போதாக்குறைக்கு அது மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டு. ஒரு கேசட்டை மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். கரண்டு நின்றால் பாதியில் அறுந்துவிடும்.

ஃபயர்வயரின் வேகம் நொடிக்கு 400 மெகாபிட். அதைவிடப் பெரிய பயன், கேசட்டில் எண்களாகப் பதிந்திருக்கும் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது. கேமராப் பக்கம் நான்கு ஊசி கொண்ட சிறிய முனை, கணினிப் பக்கம் ஆறு ஊசி கொண்ட பெரிய முனை என்ற அமைப்புடைய கம்பியையும், மேசைக் கணினிக்குள் பொருத்தும் ஒரு கார்டையும் வாங்கினேன். ஆறு ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் உள்பலகை கருகிவிடக்கூடும். ஆகவே கேமராவை அணைத்துவிட்டு, முனையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்த பிறகே செருகுவேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் டிவிகிராப் (dvgrab) என்ற சிறு நிரலைக் கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு ஃப்ரேமோடும் அது பதிவான தேதியும் மணியும் கேசட்டில் சேர்ந்தே இருக்கின்றன. கடையில் எடுத்த டிவிடியில் அந்த விவரம் முற்றிலும் அழிந்திருந்தது. இந்த நிரலோ, கேமராவை நிறுத்தி மறுபடி தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் தனிக் கோப்பாகப் பிரித்து, அந்த நேரத்தையே கோப்பின் பெயராக வைக்கவும் செய்கிறது. திருமணக் கேசட்டில் காலை 5 மணி 42 நிமிடம் என்று தொடங்கிய கோப்பைத் திறந்தபோது, சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் நின்று நடத்த, மாப்பிள்ளையின் சகோதரிக்குச் செய்யும் இணைச்சீருக்கு அக்காள் அமர்ந்திருந்தாள். படச் சட்டத்துக்கு வெளியே இருந்து, "அந்த லைட்டக் கொஞ்சம் அக்கட்டால திருப்பு கண்ணு" என்று அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொன்னது தெளிவாகக் கேட்டது. டிவிடியில் நாதஸ்வரத்தோடு கலந்து இரைச்சலாகிப் போயிருந்த குரல் அது. அவர் காலமாகி அப்போதே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அம்மா அந்த ஒரு கோப்பை நான்கு முறை ஓட்டச் சொன்னார்.

எல்லாக் கேசட்டும் இப்படி இணங்கி வரவில்லை. ஐந்தில், படத்தின் குறுக்கே சதுரச் சதுரமாகக் கட்டங்கள் பாய்ந்தன. எடுப்பதற்கு முன் கேசட்டைக் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றியதாலும், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துப்புரவுக் கேசட்டால் சில நொடிகள் மட்டும் சுத்தம் செய்ததாலும் மூன்று சரியாயின. மற்ற இரண்டும் 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கும் எல்பி (LP, நீள்பதிவு) முறையில் பதிவானவை. அம்முறையில் பதிவுத் தடம் குறுகிவிடுவதால், பதிவு செய்த கேமராவைத் தவிர வேறொன்றில் ஓட்டினால் பெரும்பாலும் தகராறுதான். நண்பர் ஒருவரின் கேமராவில் முயன்று தோற்றபின், என் கேமராவிலேயே மூன்று முறை தனித்தனியாக எடுத்து, நல்ல பகுதிகளை ஒட்டிச் சேர்த்தேன். பழைய கேமராவை எடைக்குப் போட நினைப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கேசட்டுகள் முடியும் வரை அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கிறது. ஃபேட் 32 (FAT32) என்ற பழைய கோப்பு முறையில் அமைத்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், பிரிக்காமல் எடுத்தால் 18, 19 நிமிடத்தில் பதிவு நின்றுபோகும். டிஸ்க்கின் அமைப்பை முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. 22 கேசட்டுகளும் 300 ஜிபிக்குள் அடங்கின. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இதற்காகச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை.

கைப்பேசியில் பார்ப்பதற்கு மட்டும் தனிப்படிகள் செய்தேன். இந்தப் படங்களில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளாகப் பதிந்திருப்பதால், அப்படியே கணினித் திரையில் ஓட்டினால் வீசிய கையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். ஒவ்வொரு பாதியையும் முழு ஃப்ரேமாக்கி, நொடிக்கு 25-க்குப் பதில் 50 ஃப்ரேமாக மாற்றினால் அந்தப் பல் மறைவதோடு அசைவும் இயல்பாக இருக்கிறது. உறவினர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தப் படிகள்தான். மூலக் கோப்புகள் ஒரு டிஸ்க்கில் என்னிடமும், மற்றொன்றில் பெருந்துறையில் அக்காள் வீட்டிலும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, தைப் பொங்கலுக்கு அவள் வரும்போது, இரண்டையும் இணைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா என்று சரிபார்க்கிறோம்.