அப்டுடேட், மெட்ஸ்கேப், எம்டிகால்க்: ஓபி மேசையில் நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் தளத்தில் ஒரு கட்டுரையை மேலிருந்து படிக்கத் தொடங்கினால் அடுத்த நாலு நோயாளிகள் கதவருகே நின்றுவிடுவார்கள். கடைசியில் வரும் சுருக்கமும் பரிந்துரைகளும் பகுதிக்கு நேரே போங்கள். பரிந்துரைக்குப் பக்கத்தில் 1ஏ என்றிருந்தால் ஆதாரம் உறுதி. 2சி என்றால் பலவீனம்; நோயாளியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மேலே இரண்டு தேதிகள் இருக்கும். ஆய்வுகளைத் தேடிப் பார்த்த தேதி எப்போதும் புதிதாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். கட்டுரை கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியே முக்கியம்.

மருத்துவமனைச் சந்தா என்றால் 90 நாளுக்கு ஒருமுறை அங்குள்ள நெட்வொர்க்கிலிருந்து உள்நுழைய வேண்டும். மறந்தால் வெளியே இருக்கும்போது திறக்காது.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்க உதவும் மெட்ஸ்கேப் ஆப் இலவசம். எட்டு மருந்துகளை உள்ளிட்டால் எச்சரிக்கைகள் கொட்டும். 'சேர்த்துக் கொடுக்கக் கூடாது', 'தீவிரம்' என்ற இரண்டு வகைகளை முதலில் பாருங்கள். நம்மூர் பிராண்ட் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது, மூலப்பெயரில் தேடுங்கள். அதிலும் சால்பூட்டமால் அங்கே அல்புடெரால்.

குழந்தை டோஸில்தான் அதிகம் தவறுகிறது. 10 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. வீதம், 150 மி.கி. ஆப் அதோடு நின்றுவிடும், மி.லி. கணக்கை நாம்தான் போட வேண்டும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6.25 மி.லி., 250 மி.கி. சிரப் என்றால் 3 மி.லி., மி.லி.க்கு 100 மி.கி. டிராப்ஸ் என்றால் 1.5 மி.லி. சீட்டில் மி.கி.யும் மி.லி.யும் சிரப்பின் செறிவும் சேர்த்தே எழுதுங்கள். கடையில் வேறு பாட்டில் கொடுத்தாலும் அம்மாவுக்குக் குழப்பம் வராது.

எம்டிகால்க் என்ற மருத்துவக் கணக்கு ஆப்பில், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் ஒன்றே அதை வைத்திருக்கப் போதுமான காரணம். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.2 மி.கி./டெ.லி. என்றால் கண் தாண்டிப் போய்விடும். 70 வயது, 45 கிலோ பெண்ணுக்கு வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு சுமார் 31 மி.லி.தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபாரின் டோஸைக் குறைக்கும் எல்லை 30. ஆப்பில் கிரியேட்டினின் அலகு மைக்ரோமோலில் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணை நம்புங்கள்.

பாம்புக்கடிக்கு அமெரிக்கத் தகவலைத் திறக்கவே வேண்டாம்; அங்குள்ள விஷமுறிவு மருந்து கிலுகிலுப்பை விரியன் போன்ற அங்குள்ள பாம்புகளுக்கானது. நமக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் நம் விஷமுறிவு மருந்தின் முதல் டோஸ் பொதுவாக 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு; எடையைப் பார்த்துக் குறைப்பதில்லை. இந்திய நெறிமுறையின் பிடிஎஃப்பை ஃபோனிலேயே இறக்கி வையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில்தான் அது தேவைப்படும்.