நாலரை லட்சத்தில் ஏழு பேருக்கு ஒரு வண்டி: கீழக்கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் ஏழு பேர். வாப்பா, உம்மா, நான், மனைவி, மூன்று பிள்ளைகள். இது போக வருடத்தில் ஒன்றிரண்டு தடவை துபாயிலிருந்து காக்கா, அதாவது என் அண்ணன், வருவார். அவரைக் கூட்டிவர மதுரை விமான நிலையத்துக்கு நாலு பேர் போவோம். திரும்பும்போது ஐந்து பேரும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளும் இருக்கும். உம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மதுரை ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி போகவேண்டும். இவ்வளவு நாளும் வாடகை வண்டிதான். ஒரு வருட வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது, சொந்தமாகவே ஒன்று எடுத்துவிடலாம் என்று தோன்றியது. கையில் இருந்தது நாலரை லட்சம். அதிலும் ஐம்பதாயிரத்தை வாங்கிய பிறகு செய்யவேண்டிய வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். பழைய வண்டி எடுக்கிறவர் கடைசி ரூபாயையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் மாதமே டயருக்கும் பேட்டரிக்கும் கடன் வாங்கவேண்டி வரும்.

இரண்டு மாதத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, காரைக்குடி, மதுரை என்று சுற்றிப் பதினொரு வண்டி பார்த்தேன். எந்த வண்டி நல்லது என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், எங்கே நின்ற வண்டி என்பதைச் சொல்லியாகவேண்டும். நம் கரையில் அதுதான் முதல் கேள்வி.

உப்புக்காற்று செய்கிற வேலை

பார்த்ததில் ஒரு வண்டி வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. புது பெயின்ட், புது சீட் கவர், மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர். கூட வந்த மெக்கானிக் அண்ணன் உள்ளே ஏறவே இல்லை. ரோட்டிலேயே ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ‘பொத்’தென்று மாறியது. முனையால் லேசாக அழுத்தினார். கறுப்புப் பூச்சு உடைந்து காப்பித்தூள் மாதிரி துரு அவர் சட்டையில் கொட்டியது. “தம்பி, இது கடலைப் பார்த்து நின்ன வண்டி. வேற பாப்போம்” என்றார்.

உப்பு தானாகத் தகரத்தைத் தின்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் அடி நனைந்தேதான் இருக்கும். அந்த ஈரத்தில் உப்பு கலந்திருப்பதால் துரு பல மடங்கு வேகமாக ஏறும். சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் அடி ஓரம், ஜாக்கி வைக்கும் இடம், பிரேக் பைப், சைலென்சர், ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகள் எல்லாம் முதலில் போகிற இடங்கள். அதனால் அடியில் புதிதாகக் கறுப்புப் பூசிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். துருவை மறைக்கவும் அதே பூச்சுதான்.

இதில் வண்டிக்கு வண்டி ஒரு வித்தியாசமும் உண்டு. இன்னோவா, சைலோ, டவேரா எல்லாம் சேசிஸ் என்கிற தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி வைத்த வண்டிகள். பாடித் தகரம் அரித்தால் டிங்கர் வெட்டி ஒட்டிவிடுவார். சேசிஸ் உறுதியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எர்டிகா, ட்ரைபர் மாதிரி வண்டிகளில் பாடியேதான் எலும்பு. கதவுக்கடித் தகரம் போனால் வண்டியின் பலமே போய்விடும், சும்மா ஒட்டுப்போட்டுச் சரிக்கட்ட முடியாது. ஆகவே எர்டிகா வாங்குகிறவர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து டிஎன் 65 பதிவெண்ணைப் பார்த்தால் அது கடலோரத்தில் நின்றதா, பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் நின்றதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நான் மதுரை, காரைக்குடிப் பக்க வண்டிகளையே அதிகம் தேடியதற்கு இதுதான் காரணம்.

இன்னோவா: மனசு கேட்டது, கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை

எல்லாரையும் போல நானும் இன்னோவாவில்தான் ஆரம்பித்தேன். 2005இல் வந்து 2016 வரை ஓடிய பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டரை அசராமல் ஓடும். மூன்றாவது வரிசையில் வாப்பாவே உட்கார்ந்து பார்த்தார், கால் இடிக்கவில்லை. மேடு பள்ளத்தில் வண்டி மிதந்து போகிறது. இதற்கெல்லாம் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

ஆனால் நாலு லட்சத்துக்குக் கிடைப்பது 2008, 2009 மாடல்தான். அதற்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டி, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், அதன் மேல் பசுமை வரி. பார்த்த மூன்றில் இரண்டு வண்டி டி-போர்டாக, அதாவது வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டாக, சொந்த உபயோகத்துக்கு மாற்றியவை. ராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் பத்து வருடம் ஓடிய வண்டி எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று நமக்கே தெரியும். மீட்டர் சொல்வதை நம்பவேண்டாம். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, மீட்டர் மட்டும் ஒரு லட்சம் காட்டினால் அங்கேயே கிளம்பிவிடலாம். இந்த வயதில் இன்ஜெக்டர் போனால் ஒதுக்கி வைத்த ஐம்பதாயிரமும் அதிலேயே கரையும்.

இன்னொன்று, கீழக்கரைத் தெரு. இன்னோவாவின் நீளம் 4.58 மீட்டர். எங்கள் தெரு முக்கில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது ஒருத்தர் பின்னால் போயே ஆகவேண்டும். எர்டிகா 4.26, ட்ரைபர் 3.99, ஈகோ 3.67 மீட்டர். முப்பதோ அறுபதோ சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தினமும் திருப்புகிறவருக்குத்தான் தெரியும்.

பட்ஜெட் ஏழு எட்டு லட்சம் இருந்து, ஒரே ஓனர் வைத்திருந்த 2013க்குப் பிந்தைய வண்டி கிடைத்தால் நானும் இன்னோவாதான் எடுத்திருப்பேன்.

சைலோ, டவேரா

இடம்தான் முக்கியம், விலையும் குறையவேண்டும் என்றால் இந்த இரண்டும் கண்ணில் படும். சைலோ 2009இலிருந்து 2019 வரை வந்தது. பின் வரிசையில் பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம், எந்த ஊர் பட்டறையிலும் கைவைக்கத் தெரிந்த மஹிந்திரா டீசல். மூன்று லட்சத்துக்குள்ளேயே சொன்னார்கள். எங்களுக்கு ஒத்துவராமல் போனது அதன் உயரம். உம்மா ஒரு கையில் கைப்பிடியையும் இன்னொரு கையில் என் தோளையும் பிடித்து, இரண்டு தடவை முயன்று ஏறினார். இறங்கும்போது முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே விஷயம் முடிந்தது. கால் நன்றாக இருக்கிற வீட்டுக்கு, மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவருக்கு, சைலோ காசுக்கு ஏற்ற வண்டி.

டவேராவை நான் சொல்லமாட்டேன். அது செவர்லே வண்டி. அந்தப் பெயரில் விற்ற கம்பெனி 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. 2013இல் புகைச் சோதனை விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டவேராக்களைத் திரும்ப அழைத்ததும் இதே கம்பெனிதான். வண்டி மலிவாகக் கிடைக்கும், அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கவேண்டும்.

ஈகோவும் ட்ரைபரும்

உம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது ஈகோ. தள்ளு கதவு, தாழ்ந்த படி. சோபாவில் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டார். 1196 சிசி பெட்ரோல் இன்ஜின், எளிமையான வண்டி, செலவும் குறைவு. 2015, 2016 மாடலே மூன்றரை லட்சத்துக்குள் வரும். ஆனால் ஏழு சீட் ஈகோவில் கம்பெனி ஏசி கிடையாது. ஏசி வந்தது ஐந்து சீட்டில். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், சித்திரை வெயிலில் பார்த்திபனூர் தாண்டுவதற்குள் டிரைவர் சீட்டே சூடேறிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. பகலில் மீன் பெட்டியோ கடைச் சரக்கோ ஏற்றி, வெள்ளிக்கிழமை குடும்பத்தை ஏற்றுகிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இந்தக் கரையில் இல்லை. கதவு ஓடும் தடத்தில் மணல் சேராமல் மட்டும் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நோயாளியை வைத்துக்கொண்டு நூற்று முப்பது கிலோமீட்டர் மதுரை போவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ட்ரைபர் 2019 ஆகஸ்டில் வந்த வண்டி. நம் பட்ஜெட்டுக்கு முதல் வருட வண்டிகள்தான், அதுவும் பேரம் பேசினால். பார்த்ததில் வயது குறைந்தது இதுதான். குளோபல் என்கேப் நடத்தும் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு நாலு ஸ்டார் வாங்கியது. மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அப்போது டிக்கி 625 லிட்டர். சீட்டை மாட்டினால் 84 லிட்டர்தான், இரண்டு பள்ளிக்கூடப் பை வைக்கலாம். 999 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் ஊருக்குள் போதும். ஆறு பேரை ஏற்றி ஏசி போட்டு மதுரை ரோட்டில் லாரியைத் தாண்டப் பார்த்தேன். கியரைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினேன். எப்போதும் நாலைந்து பேர், எப்போதாவது ஏழு பேர் என்றால் யோசிக்காமல் ட்ரைபர் எடுக்கலாம். எங்கள் வீடு அப்படியில்லை.

லாட்ஜி, மொபிலியோ இரண்டுமே நல்ல வண்டிகள், கொஞ்சம்தான் விற்றன. அதனால் சாமானுக்குக் காத்திருக்க வேண்டும். கோ ப்ளஸின் பின் வரிசை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்.

எர்டிகாவில் நின்றது

கடைசியில் எடுத்தது காரைக்குடியில் நின்ற 2014 எர்டிகா, பெட்ரோல், விஎக்ஸ்ஐ வேரியன்ட். நாலு லட்சத்துப் பத்தாயிரம். நடு வரிசை சீட் முன்னும் பின்னும் நகரும் என்பதால் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ள முடிகிறது. படி உயரமில்லை. உம்மா நடு வரிசை, வாப்பா முன்னால், பிள்ளைகளில் இரண்டு பேர் பின்னால். பெரியவர்களைப் பின்னால் உட்கார வைத்தால் ராமநாதபுரம் வரை போகலாம், மதுரை வரை முடியாது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். இதில் எர்டிகா இன்னோவாவுக்குப் பக்கத்தில்கூட வராது.

டீசலா பெட்ரோலா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. 1.3 லிட்டர் டீசல் மைலேஜில் ராஜாதான். ஆனால் அதே வருட டீசல் வண்டிக்கு ஐம்பது அறுபதாயிரம் கூடுதலாகக் கேட்டார்கள். நாங்கள் மாதம் ஓடுவது எழுநூறு கிலோமீட்டர். அந்த ஐம்பதாயிரத்தை எரிபொருளில் திரும்ப எடுக்கவே வருடக்கணக்காகும், அதற்குள் டர்போவோ கிளட்சோ செலவு வைத்தால் மிச்சமே இல்லை. விமான நிலையம் போய்வர 260 கிலோமீட்டர். ஏசியோடு லிட்டருக்குப் பதினைந்து என்றால் பதினேழு பதினெட்டு லிட்டர் பெட்ரோல். பழைய இன்னோவா பன்னிரண்டு கொடுத்தாலும் இருபத்திரண்டு லிட்டர் டீசல் குடிக்கும்.

சிஎன்ஜி எர்டிகாவும் வந்தது. சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்கிறது. இருப்பதே 135 லிட்டர். காக்காவின் பெட்டியை எங்கே வைப்பது என்று விட்டுவிட்டேன். அடிமட்ட வேரியன்டான எல்எக்ஸ்ஐ மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கூரை ஏசி அதில் இல்லை. ஏர்பேக் இருக்கிறதா என்பதையும் வேரியன்ட் பெயரை வைத்து நம்பாமல் ஸ்டீயரிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்தது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். ஒரு புரோக்கர் எனக்கே அப்படி ஒன்றைக் காட்டினார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். அடி நுனியில் சேற்றுக் கோடு. எல்லா பெல்ட்டையும் அப்படி இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள்.

பேப்பரில் ஹெச்.பி., அதாவது வண்டிக் கடன் பதிவு, கேன்சல் ஆகியிருக்கிறதா, கட்டாத அபராதம் கிடக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரிந்துவிடும். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த பிறகு முழுப்பணமும் கொடுங்கள். இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வாங்கிய வாரமே முன் ஷாக் அப்சார்பர், இரண்டு டயர், பேட்டரி, ஆயில் மாற்றினேன், முப்பத்தெட்டாயிரம் ஆனது. அடிப்பாகத்தைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அதன் பிறகே அண்டர் கோட்டிங் அடித்தார் மெக்கானிக் அண்ணன். ஈரத்தின் மேல் அடித்தால் துரு உள்ளேயே வளரும் என்று பிடிவாதமாக இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்டதால் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போனோம். திரும்பி வந்து, சாப்பிடுவதற்கு முன்னால், நாலு சக்கர வளைவிலும் அடியிலும் நல்ல தண்ணீர்க் குழாயைப் பிடித்து மணல் போகும்வரை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

காக்கா அடுத்த மாதம் வருகிறார். பின் வரிசையை மடக்கி, டேப் வைத்து அளந்துவிட்டேன். பெரிய பெட்டி இரண்டு படுக்கும், ஐந்து பேரும் உட்காரலாம்.