தோப்பு வீட்டுக்கு எந்த மரம் அறுக்கும் மெஷின்: பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து இன்ஜின் எத்தனை சி.சி. என்று கேட்பார்கள், அப்புறம் செயின் சுற்றி ஓடும் தகடான பார் எத்தனை இஞ்சு என்று பார்ப்பார்கள். மூன்றும் வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கென்று வாங்கும் மெஷின் வருஷத்தில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். காற்றில் ஒரு தென்னை சாய்ந்தால், பட்டுப்போன மரத்தை இறக்க வேண்டியிருந்தால், அடுப்புக்குக் கட்டை அறுக்க வேண்டியிருந்தால் மட்டும் வெளியே வரும். சும்மா கிடக்கும் அந்த மாதங்களில் மெஷினுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மூன்று வகையையும் அப்படி எடைபோட்டுத்தான் பெட்ரோல் மெஷினை வாங்கினேன். இன்று தோப்புக்காரர் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை பெட்ரோலைப் பற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்தில் வீட்டுக்கு வீடு மெஷின் பற்றிப் பேச ஆரம்பித்தது கஜா புயலுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்து கிடந்தன. மெஷின் வைத்திருந்த ஆட்கள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. விழுந்த மரத்தை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. மட்கும் தென்னங்கட்டைக்குள் காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகும். வெட்டுப்பட்ட பச்சை மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இரண்டும் நிற்கிற மரத்துக்குத்தான் அடுத்து போகும். அதனால் தோப்பில் ஒரே ஒரு மரம் விழுந்தாலும் அதைச் சீக்கிரம் துண்டுபோட்டு அப்புறப்படுத்தும் வசதி கையில் இருப்பது நல்லது.

கரண்டில் ஓடும் மெஷினை முதலில் பார்த்துவிடலாம். அதில் குறை சொல்ல அதிகமில்லை. சுவிட்சை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, இழுக்கக் கயிறும் கிடையாது. சும்மா கிடப்பதில் அதை அடிக்க ஆளில்லை: இரண்டு வருஷம் பரணில் கிடந்தாலும் எலி ஒயரைக் கடிக்காத வரை எடுத்த எடுப்பில் ஓடும். விலையும் குறைவு.

சிக்கல் ஒயரில் இருக்கிறது. வீட்டு உபயோக மெஷின்கள் பெரும்பாலும் 2000 வாட் அளவில் வருகின்றன. 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். சின்ன பிளக் பாயின்ட் தாங்காது, 15 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி மரம் கிடக்கிறது, கையில் இருப்பது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால், சுமார் 30 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கிராமத்து லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. மெஷின் முனகும், மோட்டார் சூடேறும், ஒயரும் சூடேறும். தடித்த ஒயராக வாங்கினால் அதன் விலை மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும். ஈரத் தரையில் ஒயரை இழுத்துக்கொண்டு போவதும், ஓடுகிற செயினுக்குப் பக்கத்திலேயே அந்த ஒயர் கிடப்பதும் எனக்குச் சம்மதமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், புயலுக்கு மறுநாள் கரண்ட் இருக்காது. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் மிகவும் தேவைப்படும் நாளில் ஓடாத மெஷினைத் தோப்புக்காரர் எப்படி நம்புவது?

பேட்டரி மெஷினை உறவினர் வீட்டில் சில நாள் வைத்து வேலை செய்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டை, கொய்யாக் கிளை, முருங்கை இவற்றுக்கு அருமையாக இருக்கிறது. சத்தம் குறைவு, கை நடுக்கம் குறைவு. தென்னை அடிமரத்தில் வைத்தபோது சார்ஜ் கண்ணெதிரே இறங்கியது. லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில், வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் வைத்தால் இன்னும் வேகமாக. பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பேட்டரி போனால் புதிது வாங்கும் விலை மலைக்க வைக்கிறது. டவுனில் மாடி வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தலாம்.

இனி பெட்ரோல் மெஷின்.

எங்கள் ஊரில் இதைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் தூக்கிக்கொண்டு போனாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: “அண்ணே, இந்தப் பெட்ரோல ஊத்தி எத்தன மாசமாச்சு?” பிளக், காயில், பிஸ்டன் எல்லாம் பிறகுதான். அநேகமாக அந்தக் கேள்வியிலேயே விடை வந்துவிடும்.

காரணம், பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் என்ற ஆல்கஹால். நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் தங்கள் மெஷின்கள் பலவற்றுக்கு 10 சதவீதம் வரைதான் எத்தனால் இருக்கலாம் என்கின்றன. உங்கள் பங்க் பெட்ரோலில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒல்லியான கண்ணாடிக் குடுவையில் 100 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, நிழலில் சற்று நேரம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடியில் நிற்கும் அடுக்கு 20 மில்லியிலிருந்து 40 மில்லிக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் 20 சதவீதம் என்று கணக்கு. சோதித்த பெட்ரோலை மெஷினில் ஊற்றாதீர்கள்.

குடுவையில் நடந்த இதே சங்கதிதான் மாதக்கணக்கில் கிடக்கும் டேங்கிலும் நடக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைக் கேட்க வேண்டாம். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து அடியில் தங்கும். இன்ஜின் தேயாமலிருக்க நாம் பெட்ரோலில் அளந்து கலந்த 2டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். மெஷினுக்குப் பெட்ரோல் இழுக்கும் குழாயின் முனையில் ஒரு சின்ன பில்டர் உண்டு. அது டேங்கின் அடியில்தான் கிடக்கும். அப்படியானால் இன்ஜின் முதலில் உறிஞ்சுவது எதை? ஆயிலே இல்லாத அந்த அடித் தண்ணீரை. ஸ்டார்ட் ஆகாமல் போனால் தப்பித்தோம். எப்படியோ ஆகிவிட்டால் பிஸ்டன் காய்ந்து ஓடி, கோடு விழுந்து, பிடித்துக்கொள்ளும். இது போதாதென்று, கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்துப்போகும். பெட்ரோல் ஆவியாகி மிச்சமாகும் பசை, ஊசித் துளைகளை அடைக்கும்.

நான் போடும் நிபந்தனை இதுதான்: மெஷினை வைக்கும்போது உள்ளே பெட்ரோல் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும், அடுத்த இரண்டு வாரத்தில் வேலை இருக்காது என்று தெரிந்தால், திறந்த வெளியில் வைத்து டேங்க்கைக் கேனில் கவிழ்த்துவிடுங்கள். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரோ புல் வெட்டும் மெஷினோ அதே ஆயில் கலவையில் ஓடுவதாக இருந்தால் அந்த வாரமே அதில் தீர்த்துவிடலாம். பிறகு மெஷினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழை நாலு தடவை அமுக்கி மறுபடியும் ஸ்டார்ட் செய்தால், மிச்சமிருந்ததும் எரிந்து தீரும். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு 2டி ஆயிலை உள்ளே விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்துவிட்டு பிளக்கை மாட்டுங்கள். ஏர் பில்டரைத் தட்டித் துடைத்து, செயினைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிந்தது. எல்லாமே பத்து நிமிஷ வேலை. இப்படி வைக்கப்பட்ட மெஷின் ஒரு வருஷம் கழித்து எடுத்தாலும் புதுப் பெட்ரோலில் கிளம்பும். பேட்டரியின் வயதை எந்தப் பராமரிப்பாலும் நிறுத்த முடியாது. பெட்ரோல் மெஷினில் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடலாம். நான் பெட்ரோல் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

பெட்ரோலை வேலையன்று, தேவையான அளவுக்கு மட்டும் கலக்குங்கள். மெஷின் கம்பெனியின் சொந்த ஆயில் என்றால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினின் கையேட்டில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. டேங்கிலேயே ஊற்றிக் கலக்காமல் தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்வதைப் பற்றித்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். மெஷினைச் சமதரையில் வைத்து, முன்னால் இருக்கும் கைத்தடுப்பை முன்பக்கம் தள்ளி செயின் பிரேக்கைப் போடுங்கள். வலது கால் நுனி பின்கைப்பிடிக்குள், இடது கை முன்கைப்பிடியில். ரப்பர் குமிழில் பெட்ரோல் நிறம் தெரியும்வரை அமுக்கி, காற்றைக் குறைக்கும் சோக்கை முழுதாகப் போடுங்கள். கயிற்றை முதலில் மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் தடுக்கும். அங்கிருந்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். திரும்பும்போது கயிற்றைக் கையை விட்டுப் பறக்கவிடாதீர்கள், உள்ளே ஸ்பிரிங் அறுந்துவிடும்.

இரண்டு மூன்று இழுப்பில் இன்ஜின் ஒரு தடவை ‘புர்’ரென்று இருமிவிட்டு நிற்கும். காதைக் கூர்மையாக வைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். இருமல் கேட்ட உடனே சோக்கை ஒரு படி இறக்கிவிட்டு இழுத்தால் அடுத்தடுத்த இழுப்பில் ஓடும். இருமலைக் கவனிக்காமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். அப்புறம் தோள் வலிக்க இழுத்தாலும் வராது. அப்படி ஆனால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை அணைத்து, சோக் இல்லாமல் சில முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக் இல்லாத துளைக்கு நேரே முகம் இருக்கக் கூடாது, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. இருந்தால் சரி. சூடாக இருக்கும் மெஷினை மறுபடி கிளப்ப சோக் தேவையில்லை. ஓடத் தொடங்கியதும் வேகம் கூட்டும் விசையை ஒரு தட்டு தட்டி வேகம் இறங்கிய பிறகு பிரேக்கை விடுவியுங்கள். அந்த மெது ஓட்டத்தில் செயின் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறு கையால் இழுத்துக் கிளப்பும் பழக்கம் நம் பக்கம் அதிகம். செயின் தொடையை ஒட்டிச் சுழலும், தயவுசெய்து வேண்டாம்.

செயின் தீட்டுவது மூன்று வகைக்கும் பொது. தென்னையின் வெளிச்சுற்று கடினமான நார், போதாக்குறைக்கு அடிமரத்தில் ஒட்டிய மண் வேறு. முனை சீக்கிரம் மழுங்கும். சீவல் வந்தால் கூர்மை இருக்கிறது, மாவாக உதிர்ந்தால் தீட்ட வேண்டும் என்று அர்த்தம். சின்ன மெஷின் செயின்களுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. உருண்டை அரம், எல்லாப் பற்களுக்கும் ஒரே கோணம், தேய்க்கும் தடவையும் ஒரே எண்ணிக்கை. பாருக்குச் செயின் ஆயில் ஊற்றுங்கள். பைக்கில் வடித்த கழிவு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும், அது ஆயில் பம்பைத் தின்றுவிடும்.

எந்த அளவு? தென்னை அடிமரம் பெரும்பாலும் ஓர் அடிக்கு முன்னே பின்னேதான் இருக்கும். 16 இஞ்சு பார் தாராளம். 58 சி.சி., 22 இஞ்சு பார் என்று மலிவாகக் கிடைப்பவை தினமும் மரம் அறுக்கும் ஆட்களுக்குச் சரி. உதிரி பாகம் எங்கும் கிடைக்கும் என்பது அவற்றின் பலம். ஆனால் வீட்டு வேலைக்கு அந்தக் கனம் வீண். கை சோர்ந்துவிட்டால் பார் நுனி எதிலாவது பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்து அதிகம். 32 முதல் 40 சி.சி. வரை போதும். நிற்கும் மரத்தை இறக்குவதைத் தொழில்காரர்களிடமே விட்டுவிடுங்கள். விழுந்ததைத் துண்டுபோடுவது நம் வேலை.

வீட்டைச் சுற்றி நாலு மரம் மட்டும் உள்ளவர்கள், எல்லாம் 20 மீட்டருக்குள் அடங்கும் என்றால், கரண்ட் மெஷினையே வாங்குங்கள். பெட்ரோல் கலப்பதும் வடிப்பதும் உங்களுக்குத் தேவையில்லாத வேலை. வடிக்கிற பழக்கம் தனக்கு வராது என்று தெரிந்த தோப்புக்காரருக்கும் நான் பெட்ரோலைச் சொல்லமாட்டேன், கூலிக்கு ஆள் கூப்பிடுவதே லாபம். மற்றவர்கள் பெட்ரோல் மெஷின் வாங்கும் அன்றே இன்னொரு செயின், ஒரு பிளக், அரம், கண்ணாடி, காதடைப்பு, கலக்குவதற்கு அளவு போட்ட கேன் இவ்வளவையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மரம் விழும் நாளில் கடை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.