லார்ஸாக் பீடபூமியில் நான்கு நாள் மவுண்டன் பைக்: வழித்தாளுக்கு முழு மதிப்பெண், பிரேக்குக்கு இல்லை

போன மே மாதக் கடைசியில் நானும் என் மகனும் தெற்கு பிரான்ஸின் மியோ நகரிலிருந்து கிளம்பி, லார்ஸாக், கோஸ் நுவார் என்ற இரண்டு பீடபூமிகளை மவுண்டன் பைக்கில் சுற்றிவிட்டு நான்காம் நாள் மாலை மியோவுக்கே திரும்பினோம். வழிகாட்டி யாரும் கூட வரவில்லை. சைக்கிள், வழித்தடம், மூன்று இரவு தங்கல், காலை இரவுச் சாப்பாடு, பைகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் வைப்பது எல்லாவற்றையும் அங்குள்ள ஒரு சிறு நிறுவனம் பார்த்துக்கொண்டது. ஆளுக்கு 610 யூரோ. துலூஸில் இருக்கும் எங்களுக்கு மியோ காரில் இரண்டரை மணி நேரம்தான். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நடுவில் ஒரு தப்பு நடந்தது, அதை அவர்களே வந்து சரிசெய்தார்கள், அதோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியில் இதே சேவையைத் தருபவர்கள் பலர் உண்டு. யாரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோஸ் என்று அவர்கள் சொல்வது சுண்ணாம்புக்கல் பீடபூமியை. மேலே 800, 900 மீட்டர் உயரத்தில் தட்டையான புல்வெளி, முள், கல், செம்மறி. கீழே தார்ன், துர்பி, ஜோந்த் ஆறுகள் அறுத்துக்கொண்டு போன ஆழமான பள்ளத்தாக்குகள். மேலே எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, பாறை இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். ஓடை கிடையாது, ஊற்று கிடையாது. பழைய வீடுகளில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தே பிழைத்திருக்கிறார்கள். ஆடுகளுக்கென்று கல் பாவிய வட்டக் குட்டைகள் அங்கங்கே இருக்கின்றன, லவோன்ய் என்று பெயர். படம் எடுக்க அழகு, குடிக்க ஆகாது. இப்படி ஆடு மேய்த்தே உருவான நிலம் என்பதற்காகத்தான் 2011-இல் யுனெஸ்கோ கோஸ் பகுதியையும் பக்கத்து செவென் மலைகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

ஆக, இங்கே சைக்கிள் ஓட்டுபவருக்கு முதல் கவலை ஏற்றம் இல்லை, தண்ணீர். அந்த நிறுவனம் காசுக்கு மேலேயே வேலை செய்திருக்கும் இடமும் அதுதான். ஜிபிஎஸ் வழித்தடக் கோப்பைப் போனில் ஏற்றிவிட்டார்கள், அது எல்லோரும் தருவது. அதோடு ஒரு நாளைக்கு ஒன்றாக, நனையாத உறை போட்ட வழித்தாள் நான்கு கொடுத்தார்கள். குடிக்கத் தகுந்த குழாய் எந்த ஊரில் எந்தச் சுவரோரம் இருக்கிறது, எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பாட்டில் நிரப்பலாம், எந்த பேக்கரி எந்தக் கிழமை மூடியிருக்கும் எல்லாம் அதில் இருந்தது. முதல் நாள் மியோவிலிருந்து லார்ஸாக் மேலே ஏற 450 மீட்டர். தாளில் "லா கவாலரி வரை தண்ணீர் இல்லை, ஆளுக்கு இரண்டரை லிட்டர்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு லிட்டர் போதும் என்றான் மகன். நான் கேட்கவில்லை. லா கவாலரி போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரிடமும் ஒரு மடக்குக்கு மேல் மிச்சமில்லை.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ராணுவ முகாமின் வேலியோரமாகக் கொஞ்ச தூரம் போக வேண்டும். தாளின் பின்பக்கத்தில் அதன் கதையையும் நாலு வரியில் எழுதியிருந்தார்கள். 1971-இல் அரசாங்கம் முகாமைப் பெரிதாக்க நிலம் எடுக்கப் பார்த்தது. அடுத்த வருடம் 103 விவசாயிகள் விற்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதே சமயத்தில் லான்ஸா டெல் வாஸ்தோ இதே லா கவாலரியில் பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். இவர் 1930-களில் இந்தியா வந்து காந்தியோடு இருந்தவர், காந்தி வைத்த பெயர் சாந்திதாஸ். ஆடுகளை ஈஃபில் கோபுரத்தடிக்கே ஓட்டிக்கொண்டு போன போராட்டம் அது. ஆரம்பித்துப் பத்து வருடம் கழித்து, 1981-இல் மித்தரான் அதிபர் பதவிக்கு வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். மகன் பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பவன். சைக்கிளை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, "காந்தி இங்கேயுமாம்மா?" என்று கேட்டு இரண்டு முறை படித்தான். எனக்கு அந்த நாலு வரிக்காகவே அவர்களைப் பிடித்துப்போனது.

முதல் இரவு சேன்த்-எலாலி. இரண்டாம் இரவு லா கூவெர்த்துவராட். இரண்டுமே 12ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் வீரத் துறவிகள் வேர்விட்ட ஊர்கள். இன்று நாம் பார்க்கும் மதில்களோ, அவர்களுக்குப் பிறகு வந்த ஹாஸ்பிடலர் துறவிகள் 15ஆம் நூற்றாண்டில் கட்டியவை. பகலில் லா கூவெர்த்துவராடில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும். ஆறு மணிக்கு மேல் தெருவில் பூனைகளும் நாங்களும்தான். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது கிடைக்காது, ஊருக்குள்ளேயே தங்கலைப் பிடித்துக் கொடுத்தது பெரிய விஷயம்.

தங்கல் எல்லாம் ஜீத் என்னும் சிறு விடுதிகள். நாங்கள் சைவம். பதிவுப் படிவத்திலேயே கேட்டிருந்தார்கள், மூன்று வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். பிரான்ஸின் கிராமப்புறத்தில் இது சாதாரணமில்லை. ஒரு வீட்டில் அலிகோ செய்திருந்தார்கள். மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் புதிய பாலாடைக்கட்டியும் போட்டுக் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்குக் கயிறு மாதிரி இழுபடும். இன்னொரு வீட்டில் பயறு, மறுபடி உருளைக்கிழங்கு, கடைசியில் செம்மறிப் பால் ஆடைக்கட்டியில் ஆரஞ்சுப் பூ மணத்தோடு ஃப்ளோன் என்ற இனிப்பு. அப்புறம் ரோக்ஃபோர். நீலப் பூசணம் படர்ந்த அந்தக் கட்டி பழுக்கும் குகைகள் பக்கத்து ஊரில்தான் இருக்கின்றன. மகனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது.

லா கூவெர்த்துவராடில் நாங்கள் தங்கிய வீட்டுக் கதவில் உள்ளங்கையை விடப் பெரிய ஒரு காய்ந்த முட்பூவை ஆணியடித்து வைத்திருந்தார்கள். கார்டபெல். நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் வெள்ளி நிறத்தில் முள் இலைகள், கோயில் கதவுக் குமிழ் மாதிரி இருந்தது. காற்று வறண்டிருந்தால் விரியும், ஈரம் வந்தால் மூடிக்கொள்ளும், அதுதான் எங்கள் வானிலை அறிக்கை என்றார் வீட்டுக்கார அம்மா. இரவு படுக்கப் போகும்போது விரிந்திருந்தது. காலை ஏழு மணிக்குப் பார்த்தால் பாதி மூடியிருந்தது. மூன்றாம் நாள் தாளில் நாந்த் ஊருக்கு இறங்க இரண்டு வழி போட்டிருந்தார்கள். காய்ந்திருந்தால் பாறைச் செங்குத்து, ஈரமாக இருந்தால் காட்டுப் பாதை. பூவைப் பார்த்துவிட்டுக் காட்டுப் பாதையை எடுத்தோம். அரை மணி நேரத்தில் தூறல் பிடித்தது.

அந்த இறக்கத்தில்தான் மகனின் பின் பிரேக் போனது. முதலில் தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். "அம்மா, லிவர் கைப்பிடியைத் தொடுது" என்று கத்தினான். முன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து, காலை ஊன்றி நின்றுவிட்டான். குனிந்து பார்த்தால் பிரேக் பேடில் பூச்சே இல்லை, இரும்புத் தகடு நேராக வட்டில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் அப்படித் தேயாது. எங்களுக்குக் கொடுக்கும்போதே அது தேய்ந்துபோன பேடாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாறைச் செங்குத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகைக்கு விடுபவர் செய்யவேண்டிய முதல் வேலை இது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாந்த் வரை இறங்கினோம். அங்கிருந்து போன் செய்தேன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் வேனில் வந்தார் நிறுவனத்தின் மெக்கானிக். இரண்டு சைக்கிளுக்கும் முன்னும் பின்னும் புது பேட் போட்டார், வட்டை மாற்றினார், பள்ளத்தாக்குச் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நேரம் போய்விட்டதால் வேனிலேயே ஏற்றிக் கோஸ் நுவாரின் மேலே விட்டார். ஒரு நாள் சைக்கிள் வாடகையையும் திருப்பிக் கொடுத்தார்கள். துர்பியும் ட்ரெவெஸலும் சேரும் இடத்தில் பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தோப்ர் கிராமத்தை வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கடைசி நாளைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். மூன்றாம் இரவு தங்கிய பேர்லோவிலிருந்து காலையில் ஏறும்போது ஜோந்த் பள்ளத்தாக்கின் மேல் கிரிஃபோன் கழுகுகள் வட்டமிட்டன. இந்தப் பக்கத்தில் அடியோடு அழிந்துபோன பறவை, 1981-இலிருந்து திரும்ப விட்டு வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஒன்று எங்கள் காலுக்குக் கீழே, பாறைச் சுவரை ஒட்டிப் போனது. முதுகின் பழுப்பு நிறமும் இறக்கை நுனியில் விரல் மாதிரி பிரிந்த இறகுகளும் தெளிவாகத் தெரிந்தன. அப்புறம் பைன் காடு, கோட்டை இடிந்து கிடப்பது போன்ற மோன்பெலியே-ல-வியூ பாறைகள், கடைசியில் பீடபூமி விளிம்பு. அங்கிருந்து மியோவும் அதன் பாலமும். 2004 டிசம்பரில் திறந்தது, உச்சி 343 மீட்டர். நான்கு நாள் நாங்கள் மூச்சு வாங்க ஏறி இறங்கியது போன்ற ஒரு பள்ளத்தாக்கை அந்தக் கார்கள் ஒரு நிமிடத்தில் தாண்டிக்கொண்டிருந்தன.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முக்கோணமும் அதன் கீழ் இரண்டு வட்டமும் போட்ட பலகை மவுண்டன் பைக் தடத்தின் குறி. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். எங்களுக்குச் சிவப்பு போதுமாக இருந்தது. கல் கூர்மையானது, ட்யூப்லெஸ் டயர் கேளுங்கள். மின்சார சைக்கிளும் தருகிறார்கள், ஆனால் ஆட்டு வேலியில் சில இடங்களில் சைக்கிளைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும், 25 கிலோவைத் தூக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். மந்தையோடு காவல் நாய் இருந்தால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் வேட்டைக் காலம், பளிச்சென்ற சட்டை போடுங்கள்.

அடுத்த வருடம் கோஸ் மெஜான் பக்கம் போக அதே நிறுவனத்திடமே பேசியிருக்கிறோம். சைக்கிளை வாங்கும்போது சக்கரத்தைக் கழற்றி என் கண் முன்னால் பேடைக் காட்ட வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். சரி, காட்டுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது.