கே அண்ட் ஆர் சி புத்தகம்: ஒரே பெயரில் வரும் தலைவலி

வியாசர்பாடித் தம்பி ஒருவர், "அண்ணே, சி படிக்க கே அண்ட் ஆர் இப்பவும் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். சி என்ற கணினி மொழிக்குக் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' புத்தகத்தைத்தான் கே அண்ட் ஆர் என்கிறோம். 1988-ல் வந்த இரண்டாம் பதிப்பு, 272 பக்கம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேராக எரிச்சலுக்கு வருகிறேன்.

1.9-ம் பிரிவில் இருப்பதிலேயே நீளமான வரியைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் இருக்கிறது. அப்படியே அடித்து லினக்ஸில் கம்பைல் பண்ணினால் 'கெட்லைன்' டைப் முரண்படுகிறது என்று எரர். புத்தகம் சொந்தமாக எழுதும் ஃபங்ஷனுக்கு அந்தப் பெயர். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிமுறையான போசிக்ஸ், 2008-ல் அதே பெயரில் வேறு ஆர்கியுமென்டோடு (ஃபங்ஷனுக்குள் அனுப்பும் மதிப்புகளோடு) ஒன்றை, புரோகிராமின் தலையில் சேர்க்கும் எஸ்டிடிஐஓ ஹெடருக்குள் கொண்டுவந்துவிட்டது. புதிதாகப் படிக்கிறவன் எங்கே செமிகோலன் விட்டோம் என்று ராத்திரி முழுக்கத் தேடுவான். ஜிசிசி கம்பைலரின் 14-ம் பதிப்பில் இன்னும் மோசம். புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் இன்ட் (திருப்பித் தருவது முழு எண் என்ற குறிப்பு) இல்லாவிட்டால் முன்பு வார்னிங்கோடு விட்டது, இப்போது எரர். புத்தகத்தின் முதல் புரோகிராமே அங்கேதான் விழுகிறது. இன்னமும் அச்சடித்து விற்கிறவர்கள் உள்ளே ஒரு துண்டுச்சீட்டாவது வைக்கக் கூடாதா?

பழைய ஆன்சி தரப்படி மட்டும் நட என்று சொல்லும் 'மைனஸ் ஆன்சி' ஆப்ஷனைக் கம்பைலருக்குக் கொடுத்தால் இரண்டும் ஓடிவிடும். அதே பழைய தரத்தோடு ஜிசிசியின் சொந்தச் சேர்க்கைகளையும் விடும் 'குனு89' கொடுத்தால் இன்ட் தொல்லை மட்டும் தீரும், கெட்லைன் அப்படியே நிற்கும். ஆன்சியில் இரட்டைச் சாய்கோட்டுக் கமென்ட் எடுபடாது, ஜாக்கிரதை. என் கட்சி: ஃபங்ஷன் பெயரை மாற்றுங்க, 'இன்ட் மெயின்(வாய்ட்)' என்று எழுதிப் பழகுங்க.

ஆனால் 1.5-ல் வரும் எழுத்து எண்ணும் புரோகிராம் இருக்கிறதே! அதற்கு 'சென்னை' என்று கொடுத்து என்டர் தட்டி, கன்ட்ரோல்-டி அழுத்தி உள்ளீட்டை முடியுங்க. 19 என்று சொல்லும். செ, ன், னை ஒவ்வொன்றிலும் இரண்டு யூனிகோட் குறி, குறிக்கு மூன்று பைட், ஆக 18, என்டர் ஒன்று. 2.9-ல் பிட் ஆபரேட்டர் படித்துவிட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொரு பைட்டையும் 0எக்ஸ்சி0-வோடு ஆண்ட் செய்து, விடை 0எக்ஸ்80 வராததை மட்டும் எண்ணினால் ஒவ்வொரு குறியின் முதல் பைட்டும் என்டரும் மட்டும் மிஞ்சி 7. கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்தாக எண்ண வைப்பது அடுத்த வேலை. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தாண்டவேண்டும். தமிழைக் குறிக்கு மூன்று பைட்டாக எழுதும் இந்த யுடிஎஃப்-8 முறை பிறப்பதற்கு முன் எழுதிய பத்து வரிக்குள் இவ்வளவு பிடிமானம்.

பைண்டிங் வெறும் பசை. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடல் காற்றில் காகிதம் நெளியும். அடிக்கடி பிரிக்கிற ஐந்தாம் அத்தியாயத்தில்தான், பாயின்டர்கள் நடுவே, முதுகு பிளக்கும். சைடு தையல் போட விடாதீங்க. உள் ஓரம் தையலுக்குள் போனால் வலப்பக்கங்களில் கோட் வரியின் தொடக்கமே மறையும். ஸ்பைரல் போடச் சொல்லுங்க, கீபோர்டு பக்கத்தில் விரித்தபடி கிடக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு என்ன தீர்ப்பு என்றால், புதுசு வாங்காதீங்க. அந்த கெட்லைனுக்கு முழு விலை கொடுக்க மனசு வரவில்லை. மூர் மார்க்கெட்டில் பழசு பாருங்க. அட்டையில் சிவப்பு முத்திரை போல 'ஆன்சி சி' என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் அது 1978 பதிப்பு, ஆர்கியுமென்ட் டைப்பை அடைப்புக்குறிக்கு வெளியே எழுதும் பழைய முறை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கீழே வைத்துவிடுங்க.