கூரையில் கூடாரம், பின்புறம் இரண்டு ஸ்டெப்னி: நமீபியாவில் ஒன்பது நாள் வாடகை வண்டி

தலைநகர் விண்ட்ஹூக்கில் இயங்கும் ஒரு சிறிய வாடகை நிறுவனத்திடம், கூரையில் மடிப்புக் கூடாரம் பொருத்திய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை ஒன்பது நாள்களுக்கு எடுத்து, என் தோழியும் நானும் மணற்குன்றுகளுக்கு வாசலான செஸ்ரியம், கடற்கரை நகரமான ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா வழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினோம். அங்கும் நம் ஊரைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெற்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருந்ததாலும் எங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் தரையில்தான். 'பி' வரிசை நெடுஞ்சாலைகள் நல்ல தார்ச்சாலைகள். 'சி', 'டி' வரிசைகளில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள்.

இந்த நிறுவனத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், சாவியைக் கொடுப்பதற்கு முன் அவர்கள் எங்களுக்காகச் செலவிட்ட இரண்டு மணி நேரம். சரளையில் டயர்க் காற்றை எவ்வளவு குறைப்பது, மணலில் இன்னும் எவ்வளவு குறைப்பது, சிறிய கம்ப்ரஸரால் மீண்டும் எப்படி நிரப்புவது என்பதையெல்லாம் அங்கிருந்த வயதான பணியாளர் செய்து காட்டியதோடு நிற்காமல், எங்களையும் ஒருமுறை செய்ய வைத்தார். சரளையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காப்பீடு செல்லாது என்றும், வேகத்தைக் கண்காணிக்கும் கருவி வண்டியில் இருக்கிறது என்றும் தெளிவாகச் சொன்னார். கடைசியாக ஒரு கனத்த பலகைத் துண்டை ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். அது எதற்கென்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், சாலிட்டேரிலிருந்து வால்விஸ் பே நோக்கிச் செல்லும் சி14 சாலையில் பின்டயரின் பக்கச்சுவரைக் கல் ஒன்று கிழித்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. ஜாக்கியை உயர்த்த உயர்த்த, வண்டி மேலே எழுவதற்குப் பதில் ஜாக்கியின் அடிப்பாகம் சரளைக்குள் இறங்கியது. அப்போதுதான் தோழி அந்தப் பலகையை எடுத்து வந்து, கற்களைக் கையால் ஒதுக்கி, ஜாக்கிக்கு அடியில் வைத்தாள். அரை மணி நேரத்தில் மாற்றி முடித்தோம். இரண்டாவது ஸ்டெப்னி இன்னும் மீதம் இருந்ததால், மீதித் தொலைவை அச்சமின்றிக் கடக்க முடிந்தது. ஒரே ஒரு ஸ்டெப்னி தரும் நிறுவனத்திடம் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வண்டி எடுக்காதீர்கள்.

கூடாரத்தைப் பற்றி எனக்குக் கலவையான கருத்து உண்டு. மெத்தை நன்றாக இருந்தது. காற்றும் குளிரும் அதிகம் உள்ளே வரவில்லை. ஆனால் வீடே வண்டியின் தலைமேல் இருப்பதால், வண்டியை நகர்த்த வேண்டுமானால் வீட்டை மடித்தாக வேண்டும். செஸ்ரியத்தில் நமீப் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் முகாமிடுவோருக்கு உட்கதவைச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறப்பார்கள். வறண்ட களிமண் படுகையான டெட்விலேயின் பட்ட மரங்களைக் காலை வெளிச்சத்தில் காண்பதற்கு அந்த ஒரு மணி நேரம் பொன்னானது. முதல் நாள் இருட்டில், விரல் விறைக்கும் குளிரில், கூடாரத்தை மடித்து உறைக்குள் திணிக்க எங்களுக்கு அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. டெட்விலேக்கு அருகே, மணற்குன்றுகள் சூழ்ந்த சோசஸ்விலேயை நெருங்கும் கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல் என்றாலும், காற்றைக் குறைத்து, கியரை மாற்றாமல் சீராக ஓட்டியதால் எங்கும் புதையவில்லை. ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவோர் தரையில் அடிக்கும் சிறு கூடாரம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

குறை என்று சொன்னால் குளிர்பெட்டிதான். அதை இயக்கும் தனி பேட்டரி பழையது. என்ஜினை நிறுத்திய நான்கைந்து மணி நேரத்தில் அணைந்துவிடும். வாங்கிய பாலும் தயிரும் இரண்டு முறை கெட்டுப்போயின. சைவ உணவு உண்பவர்களான எங்களுக்கு, எட்டோஷாவுக்குள் நுழைந்தபின் இது உண்மையான கஷ்டமாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்தான் கைகொடுத்தன. வண்டியை ஒப்படைக்கும்போது இதைச் சொன்னோம். மறுபேச்சின்றி ஒரு நாள் வாடகையில் பாதியைக் கழித்துத் தந்தார்கள்.

காப்பீட்டு ஒப்பந்தத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் டயரும் முன்கண்ணாடியும் சேராது; வேறு வண்டி மோதாமல் நாமாகக் கவிழ்ந்தால் முழுச் செலவும் நம்முடையது என்று எங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. டயருக்கும் கண்ணாடிக்கும் நாள்தோறும் ஒரு சிறு தொகை கூடுதலாகக் கட்டியிருந்ததால், கிழிந்த டயருக்கு நாங்கள் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை தெற்கே மீன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். இதே நிறுவனத்திடம்தான் எடுப்போம், குளிர்பெட்டியின் பேட்டரியை எங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு.