பேச்சு தாமதமான குழந்தைக்கு தெரபி மையமா, வீட்டுப் பயிற்சியா?

இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? இனியும் காத்திருக்க வேண்டாம். "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் முதல் வேலை காதைப் பார்ப்பது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதை மட்டும் நம்பாமல், பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும்) பரிசோதனை தேவையா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை தூங்கும்போது எடுப்பது, வலிக்காது.

என் மகனுக்குக் காதில் குறையில்லை என்று தெரிந்ததும் ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 45 நிமிடம். கதவைச் சாத்திவிடுவார்கள், நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மாதத்தில் அட்டையைக் காட்டினால் "பந்து" என்றான். வீட்டில் நிஜப் பந்து கட்டிலுக்கடியில் உருண்டுபோனால், வாயே திறக்காமல் என் கையைப் பிடித்து இழுத்தான். அங்கே கற்றது அந்த அறையோடு நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்தில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டில் அவன் விழித்திருப்பதோ சுமார் 84 மணி நேரம்.

வீட்டின் பலம் அதுதான். முறுக்கை அவனால் திறக்க முடியாத, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு வைத்தேன். கொண்டுவந்து நீட்டுவான். "தொற" என்று நான் ஒரே சொல் சொல்வேன், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தபடி மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். சொல்லாவிட்டாலும் திறந்து கொடுத்துவிடுவேன், அழவைக்கக் கூடாது. கொடுப்பதும் ஒரே ஒரு துண்டு, அப்போதுதான் மறுபடி வருவான். இரண்டாவது வாரம் "தொ" என்றான். ஊஞ்சலிலும் இப்படித்தான்: "ஒண்ணு... ரெண்டு..." என்று நிறுத்தினால் "மூணு" அவனிடமிருந்து வரவேண்டும். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று நச்சரித்தபோதெல்லாம் அவன் வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டான்.

ஆனால் வீட்டை மட்டும் நம்பினால் அடுத்த படி எது என்று நமக்குத் தெரியாது. வேலை முடிந்து களைத்து வந்தால் கை தானாக செல்போனை நீட்டிவிடும். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதைவிடப் பெரிய விஷயம், நாம் கவனிக்கத் தவறும் அறிகுறிகள். கண்ணைப் பார்ப்பதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேசிய சொற்களும் மறைந்துவிட்டன என்றால் வீட்டில் தனியாக முயன்று நாளைக் கடத்தாதீர்கள். நிபுணரிடம் உடனே போக வேண்டும்.

அதற்குப் பணம் தடையாக இருந்தால் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் (டி.இ.ஐ.சி.) உண்டு. அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டாலே வழி சொல்வார்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். கூட்டமும் தூரமும்தான் சிரமம். தனியார் என்றால் பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அப்புறம், பெற்றோரை உள்ளே உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் நான் சேர்க்கமாட்டேன்.

இப்போது வேறு மையத்தில் வாரம் ஒரு நாள்தான். நானும் உள்ளே உட்கார்ந்து, அந்த வாரத்துக்கான இரண்டு பயிற்சிகளை எழுதி வந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிறேன். பாட்டியும் முறுக்கு டப்பாவை உடனே திறந்து கொடுப்பதில்லை.